பிஸ்கட் டின்னில் போன போர்டு

1

இந்த மாதத்தோடு நான் மலேசியாவில் இந்தச் சிம்பாங் ரெங்கத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. காலையில் உணவகத்துக்குக் கிளம்பும்போது என் கணவர் ஹனிபா, "இருவத்தஞ்சு வருசம் என்னைப் பொறுத்துக்கிட்டே. என்ன வேணும், கேளு" என்றார். "ஒரு நாள் முழுக்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்காம இருக்கணும்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதும் அவர் கடை. லாரிக்காரர்களுக்கு ரொட்டி சானாய் என்கிற இந்த ஊர்ப் பரோட்டாவைப் போட்டே அவருடைய இருபத்தைந்து வருடமும் போயிற்று.

அவர் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போனில் நம் ஊர்க் குழுவில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. எங்கள் நாகூரில் பழைய கைக்கடிகாரங்களை இணைய ஏலத்தில் விற்கும் ஒரு பிள்ளை. "ஜெமிலா லாத்தா, வெளிநாட்டுக்காரங்க ஏலம் கேக்குறாங்க. அனுப்பலாமா, வேணாமா? நீங்க அனுபவஸ்தி, சொல்லுங்க" என்று எழுதியிருந்தது. அனுபவஸ்தியாம்! இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், "அனுப்பாதே, எல்லாம் திருட்டுப் பயல்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருப்பேன். இப்போது அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. எழுதினால் முழுதாக எழுத வேண்டும். முழுதாக எழுதினால் என் வண்டவாளமும் வெளியே வரும். வரட்டும், வந்து தொலையட்டும்.

2

நான் விற்பது தையல் மெஷினின் வயிற்றுக்குள் இருக்கும் சாமான்கள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மலாய்ப் பெண்களுக்கு பாஜு கூரோங் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மெஷின் நின்றுபோனது. ரிப்பேர்காரர் வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வாரம் இழுத்தடித்ததில் ஆத்திரம் வந்து நானே திருப்புளியை எடுத்தேன். அன்று ஆரம்பித்தது. பத்து பகாட் என்ற பக்கத்து ஊரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மூடும்போது பழைய மெஷின்களை மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். அவற்றை வாங்கி வந்து, பிரித்து, துடைத்து, ஓடுகிற பாகத்தைத் தனியாக எடுத்து ஏலத்தில் போடுவேன். கார் நிறுத்த வேண்டிய இடத்தில் பன்னிரண்டு மெஷின்கள் நிற்கின்றன. கார் மழையில் நனைகிறது. அதற்கு ஹனிபா வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை, பார்வையாலேயே சொல்வார்.

ஆரம்பத்தில் உலகம் முழுக்க அனுப்பினேன். பெட்டியின் மேல் ஊர் பேர் தெரியாத நாடுகளின் முகவரியை எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை. பிறகுதான் மனிதர்களின் லட்சணம் தெரிந்தது. தன் கெட்டுப்போன பாகத்தைப் பெட்டியில் வைத்து, "நீ அனுப்பியது ஓடவில்லை" என்று திருப்புகிறவன் ஒருவன். அதற்காகவே ஒவ்வொரு பாகத்திலும் கண்ணில் படாத மூலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைக்க ஆரம்பித்தேன். அடுத்து வந்தவன் அவனுக்கும் மேலே. பெட்டியே வரவில்லை என்று ஏலத் தளத்தில் அழுதான். அவர்கள் பணத்தை என்னிடமிருந்து பிடுங்கி அவனிடம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, தன் மெஷின் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று ஒரு வீடியோ போட்டிருந்தான் அந்த மகராசன். மூடியைத் திறந்து உள்ளே காட்டுகிறான். என் நகப்பூச்சு, என் பொட்டு! தளத்துக்கு எழுதினேன். அந்த விவகாரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

அன்றைக்கே என் கடைப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: "மலேசியாவுக்குள் மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டேன். கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்." என் மகள் ஷிரீன் அதைப் படித்துவிட்டு, "உம்மா, நீங்களே வெளிநாட்டுலதான் இருக்கீங்க லா" என்றாள். அவள் சிங்கப்பூரில் சரக்கு அனுப்பும் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறாள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். வார இறுதியில் மட்டும் வீடு. வந்தால் பாதி இங்கிலீஷ், கால் மலாய், மிச்சம் தமிழ். அந்த மிச்சத்தையும் எனக்குப் புத்தி சொல்லத்தான் செலவழிக்கிறாள்.

"ஃபார்ம்ல என்ன பாராங், என்ன சாமான்னு ஒழுங்கா எழுதி, இன்சூர் பண்ணி, நம்பர் வாங்கிப் போட்டா ஒண்ணும் ஆகாது. நாங்க டெய்லி எத்தனை அனுப்புறோம் தெரியுமா?" என்பாள்.

"உங்க கம்பெனி அனுப்புறதும் உங்க உம்மா அனுப்புறதும் ஒண்ணா?" என்பேன். அவள் கண்ணை மேலே உருட்டிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவாள். எதிர்த்துப் பேசினாலாவது என் பிள்ளை என்று இருக்கும். அந்தக் கண் உருட்டல் எந்த நாட்டிலிருந்து வந்ததோ தெரியவில்லை.

3

தபால் என்றாலே எனக்கு ஆகாது, அதையும் சொல்ல வேண்டும். வந்த முதல் வருடம் என் தங்கைக்கு ஒரு பார்சல் போட்டேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண், "பாராங் அப்ப நி, காக்?" என்று கேட்டாள். என்ன சாமான் அக்கா என்கிறாள். எனக்கு அப்போது மலாய் பத்து வார்த்தை தெரியும், பத்தும் மீன் சந்தைக்கானது. அடுப்படிச் சாமான், துணி, சோப்பு எல்லாவற்றையும் கையாலேயே செய்து காட்டினேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். பார்சல் இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது பக்கவாட்டில் கத்தியால் கிழித்திருந்தார்கள், உள்ளே இருந்ததில் பாதியைக் காணோம். எந்த நாட்டில் காணாமல் போனது என்பது இன்றுவரைக்கும் தெரியாது. தங்கை மிச்சமிருந்த சோப்புக்குக் கடிதம் போட்டாள், நன்றி என்று.

அதற்குப் பிறகு நானும் எல்லாரையும்போல ஆள் வழிதான். யாராவது ஊருக்குப் போகிறார்களா என்று கேட்பது, அவர்கள் பெட்டியில் நம் சாமானைத் திணிப்பது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சாப்பிட்ட பிஸ்கட், தேய்த்த கோடாலித் தைலம், போர்த்திக்கொண்ட போர்வை எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் இங்கே கொடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உள்ளே இருப்பதை எடுத்துப்போகிறவரிடம் முழுதாகச் சொல்ல மாட்டோம். சொன்னால் பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பவுடர் டப்பாவுக்குள் சங்கிலி போகும். துண்டுக்குள் கைபேசி போகும். "என்ன இருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் பிஸ்கட்" என்போம். அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இருபத்தைந்து வருடமாக நான் இதைச் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

ஏப்ரல் கடைசியில் ஒரு கணினி எம்பிராய்டரி மெஷினின் போர்டை ஏலத்தில் போட்டேன். மெஷினுக்கு மூளை அதுதான். அந்த மாடல் இப்போது செய்வதில்லை. என்னிடம் வந்தவற்றில் இரண்டு போர்டுதான் நல்லவை. ஒன்று என் சொந்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றதைத்தான் போட்டேன்.

அன்றே ஒரு செய்தி. துறையூரிலிருந்து செல்வி என்ற பெண். இந்தியாவுக்கு அனுப்புவீர்களா? மாட்டேன் என்றேன். மறுநாள் மறுபடி கேட்டாள். படிக்கத் தெரியாதா, மேலே எழுதியிருக்கிறதே என்று போட்டேன். மூன்றாம் நாள் குரல் செய்தி அனுப்பினாள்.

"அக்கா, வணக்கம்க்கா. கோவிச்சுக்காதீங்க. எங்கிட்ட ஒரே மெஷின்தான்க்கா இருக்கு. பள்ளிக்கூடச் சட்டைக்கு பேட்ஜ் போட்டுத் தர்றேன். நாலு ஸ்கூலு ஆர்டரு. கரண்டு ஏறி எறங்கி போர்டு எரிஞ்சு போச்சு. மெட்ராசு, கோயமுத்தூரு எல்லாம் கேட்டுட்டேன், இல்லேங்குறாங்க. ஒலகத்துலயே உங்ககிட்டதான்க்கா இருக்கு. ஜூன்ல ஸ்கூல் தொறந்துடுவாங்க. அதுக்குள்ள தைக்கலேன்னா ஆர்டரை டவுன்ல பெரிய கடைக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. ஒரு தடவை கையை விட்டுப் போனா திரும்ப வராதுக்கா. நீங்களும் மெஷின் வெச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா! அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். மெஷின் நின்றால் அந்த அறையே எப்படி ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "ஏலத்துல கேளு, உனக்கு விழுந்தா அனுப்பி வைக்கிறேன்" என்று சொன்னேன். அவளுக்கே விழுந்தது.

ஷிரீன் அந்த வாரம் வந்தபோது சந்தோஷமாகச் சொன்னேன். "குட், உம்மா. டிக்ளேர் பண்ணி போஸ்ட் பண்ணுங்க. பத்து நாள், பன்னெண்டு நாள்ல போயிடும். கொஞ்சம் டூட்டி வரும், அவங்க கட்டுவாங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். உள்ளே எனக்கு வேறு கணக்கு. பாவம் அந்தப் பெண், வரி எதற்குக் கட்ட வேண்டும்? அந்தத் திருட்டுத் தபாலை எதற்கு நம்ப வேண்டும்? ஹனிபாவின் தம்பி பாரூக் அடுத்த வாரம் சிங்கப்பூர் வழியாகத் திருச்சிக்குப் போகிறான், மனைவி வீட்டில் கல்யாணம். துறையூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் வந்து வாங்கிக்கொள்ள ஒரு பெண்ணால் முடியாதா என்ன? எல்லாம் தானாகக் கூடி வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

5

நாலு மாவட்டத்துக்குத் தெரிந்த அந்த வட்டமான பெரிய பிஸ்கட் டின் ஒன்றை வாங்கினேன். பிஸ்கட்டை எல்லாம் வெளியே எடுத்து, போர்டைத் துணியில் சுற்றி அடியில் வைத்து, அதன் மேல் அட்டை, அட்டைக்கு மேல் பிஸ்கட்டைப் பழையபடி அடுக்கி, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினேன். அட, கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது! மிஞ்சிய பிஸ்கட்டைச் சாயந்திரம் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பாரூக் வந்தான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சி என்போம்.

"என்ன மச்சி இது, வெயிட்டா இருக்கு?"

"பிஸ்கட்டுதான். துறையூர்லேருந்து ஒரு பொண்ணு வரும். உன் மாமியார் வீட்டுல குடுத்து வை."

"துறையூர்ல பிஸ்கட்டு கெடைக்காதா மச்சி?"

"வெளிநாட்டு பிஸ்கட்டுடா. ஆசைப்படுது, குடுத்துட்டுப் போயேன்."

அவன் வாங்கிக்கொண்டான். செல்விக்கு விலாசத்தை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றேன். அவள் கூப்பின கைகளாகவே பதில் போட்டிருந்தாள், ஒரு வரிசை முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து அழைப்பு. "அக்கா, அவங்க வீட்டுல டின்னு எதுவும் வரலேங்குறாங்க. நான் வெளியதான்க்கா நிக்கிறேன். கேட்டுச் சொல்றீங்களா?"

பாரூக்கைப் பிடித்தேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

"அந்த டின்னா? அலமாக்! அதை ஏன் மச்சி கேக்குறீங்க. சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல ஏழு கிலோ கூடுதல்னு நிறுத்திட்டாங்க. பெட்டியைத் தரையில போட்டுப் பிரிச்சு, எதை எடுக்குறது எதை விடுறதுன்னு தெரியல. பிள்ளைங்க துணியை விட முடியுமா? தைலம் எல்லாம் பேர் சொல்லிக் கேட்டிருக்காங்க. பிஸ்கட்டுதானேன்னு அதை எடுத்துப் போட்டுட்டேன்."

"எங்கடா போட்டே?"

"குப்பைத் தொட்டியிலதான். பக்கத்துல பெருக்குற ஆளுக்குக் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு. நான் இங்க வேற நல்ல பிஸ்கட்டா வாங்கிக் குடுத்துடுறேன் மச்சி, அந்தப் பொண்ணை நிக்கச் சொல்லுங்க." பிறகு அவனுக்கே ஏதோ தட்டியிருக்க வேண்டும். "மச்சி, அதுல வேற ஏதாச்சும் இருந்துச்சா?"

அவனைத் திட்ட எனக்கு வாய் உண்டா? "இல்லடா, பிஸ்கட்டுதான்" என்றேன்.

6

செல்வி வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். மே மாத வெயில். நான் அவளைத் திரும்ப அழைத்தேன். அழைக்கும்போதுகூட என்ன சொல்வது என்று முடிவு செய்யவில்லை. வாய் தானாகப் பேசியது.

"செல்வி, கஸ்டம்ஸ்ல பிடிச்சு வெச்சுட்டாங்களாம்மா."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! இருபத்தைந்து வருடமாக நாங்கள் எல்லாரும் எதற்கெடுத்தாலும் சொல்லிப் பழகிய வார்த்தை. சாமான் வாங்க மறந்தாலும் கஸ்டம்ஸ், நாமே எடுத்துக்கொண்டாலும் கஸ்டம்ஸ். கேட்கிறவர்களும் மறுபேச்சுப் பேசுவதில்லை. "அப்படியாக்கா? அவனுங்க அப்படித்தான்க்கா" என்றாள் செல்வியும். அதோடு வீட்டுக்குப் போய்விடுவாள், நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், முடிந்தது என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

அங்கிருந்து நேராகத் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாள். சாயந்திரம் குரல் செய்தி. "அக்கா, இன்னைக்கு லீவாம். நாளைக்கு வரச் சொல்றாங்க." திங்கட்கிழமை: "அக்கா, பேரு, ஃபிளைட்டு நம்பர் கேக்குறாங்க. உங்க கொழுந்தன் பேரு என்னக்கா?" சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது? செவ்வாய்: "பிடிச்சிருந்தா ரசீது குடுத்திருப்போம்மாங்குறாங்க. அந்த அண்ணனுக்குக் குடுக்கலியாக்கா?" தொலைத்துவிட்டான் போலிருக்கிறது என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, தூ! வியாழக்கிழமை: "அக்கா, ஒரு சார் இருக்காரு, அவரு தேடிப் பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவ்வளவு தொலைவுலேருந்து எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க." அதற்கும் மேலே, ஏலத் தளத்தில் எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். நல்ல விற்பனையாளர், சுங்கத்தில்தான் பிரச்சினை என்று எழுதியிருந்தாள்.

என் பொட்டு வைத்த பாகத்தை வீடியோவில் காட்டிய அந்த மகராசனை இத்தனை நாள் நினைத்து நினைத்துக் காறித் துப்பியிருக்கிறேன். அவன் என்னை ஏமாற்றினான், அவ்வளவுதான். நான்கு நாள் வெயிலில் நிற்க வைக்கவில்லை.

சனிக்கிழமை ஷிரீன் வந்தாள். போன் மேசையில் இருந்தது. செல்வியின் செய்திகளை வரிசையாகக் கேட்டுவிட்டாள். முன்பெல்லாம் என் போனைத் தொடவே மாட்டாள்.

"போஸ்ட் பண்ணலியா உம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தலாம் என்றுகூட இருந்தது. அவள் கண்ணைக்கூட உருட்டவில்லை.

"பாரூக் சாச்சா அந்த டின்னோட போயிருந்தா ஸ்கேன்ல பிஸ்கட்டுக்கு அடியில சர்க்யூட் போர்டு தெரியும். பாம்னு நெனச்சு அவரை உள்ள வெச்சிருப்பாங்க. பிள்ளைங்க முன்னாடி" என்றாள். பிறகு, "அந்தக்கா இன்னும் அங்க போய் நிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"நிக்கிறா."

"அப்ப இன்னிக்கே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

7

நான் சொல்லவில்லை. எனக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது. என் யோசனைகள் எப்படிப்பட்டவை என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் சொந்த மெஷினில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது போர்டைக் கழற்றினேன். பெருநாளைக்கு என்று ஒப்புக்கொண்டிருந்த தொழுகை உடுப்புகளின் விளிம்பு வேலை பாதியில் நின்றது. நிற்கட்டும். இதைத் தபாலில் அனுப்பிவிட்டு, "கஸ்டம்ஸ்ல விட்டுட்டாங்களாம் செல்வி" என்று சொல்லிவிடலாம். அவளுக்குப் போர்டு, எனக்கு மானம். சீ!

திங்கட்கிழமை தபால் நிலையத்துக்குப் போனேன். முகப்பில் ஒரு சின்னப் பெண். அதே கேள்வி, என்ன சாமான்? இந்த முறை கையால் செய்து காட்ட வேண்டியிருக்கவில்லை. பழைய எம்பிராய்டரி மெஷினின் போர்டு, விற்ற சாமான், இவ்வளவு மதிப்பு என்று மலாயில் சொல்லி, படிவத்திலும் அப்படியே எழுதினேன். அவள் கணினியில் தட்டிக்கொண்டாள், நம்பர் கொடுத்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து செல்வியை அழைத்தேன், சுங்கத்தில் விட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்காக. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன்க்கா. அந்த சார் சாப்பிடக்கூடப் போகாம நோட்டை எல்லாம் பொரட்டிப் பாத்தாரு. அப்படி எதுவும் இங்க பிடிக்கலம்மான்னாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க, எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்கன்னு எல்லாரு முன்னாடியும் கத்திட்டேன். ஏழைங்க வயித்துல அடிக்கிறீங்களேன்னு மண்ணை வாரித் தூத்திட்டேன்க்கா. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு."

எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டின், பிஸ்கட், பாரூக், குப்பைத் தொட்டி, என் வாய். அழுதுகொண்டே சொன்னேன். என் அழுகையால் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அப்ப அந்த சாரு எடுக்கலியாக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேனேக்கா."

"செல்வி, இப்பதான் வேற போர்டு போஸ்ட்ல போட்டிருக்கேன். என் மெஷின்ல இருந்ததைக் கழட்டி அனுப்பியிருக்கேன். நம்பர் அனுப்புறேன், பாரு. பத்து நாள்ல வந்துடும். இது சத்தியம்."

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நம்பரை அனுப்பினேன். அவள் அதைத் திறந்து பார்த்ததற்கு அடையாளமே இல்லை.

8

ஆக, நாகூர்ப் பிள்ளைக்கு என் பதில். அனுப்பலாம். சாமானின் பேரை உள்ளபடி எழுதி, மதிப்பை உள்ளபடி எழுதி, நம்பர் வாங்கி அனுப்பு. ஏமாற்றுகிறவன் இருப்பான், பார்சலைக் கிழிக்கிறவன் இருப்பான், அது உண்மைதான். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடு, அதுவும் மரியாதைதான். முதல் நாளில் நான் செல்வியிடம் மாட்டேன் என்று சொன்னேனே, அந்த ஜெமிலா எவ்வளவோ மேல். முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னாலும் உண்மையைச் சொன்னாள்.

அந்தப் பார்சல் பதினோரு நாளில் துறையூருக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் கிழிக்கவில்லை, யாரும் திருடவில்லை. கட்ட வேண்டிய வரி கொஞ்சம்தான். ஷிரீன் சொன்னபடியே எல்லாம் நடந்தது. செல்வி ஒரு படம் அனுப்பியிருந்தாள். தரையில் விரித்த பழைய செய்தித்தாளின் மேல் என் போர்டு, மூலையில் சிவப்புப் பொட்டோடு. படத்துக்குக் கீழே குரல் செய்தி. நான் உடனே கேட்கவில்லை. சமைத்து, ஹனிபாவுக்குச் சாப்பாடு போட்டு, அவர் கடைக்குப் போன பிறகு கேட்டேன்.

"அக்கா, சாமான் வந்துடுச்சுக்கா. நல்லா பத்திரமா கட்டியிருந்தீங்க. நீங்க அனுப்பியிருக்கேன்னு சொன்னப்ப நான் நம்பலக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்கூலும் தொறந்துட்டாங்க, ஆர்டரெல்லாம் டவுன் கடைக்குப் போயிடுச்சு. மெஷினை முந்தாநேத்து எடைக்குப் போட்டுட்டேன். போய்க் கேட்டுப் பாத்தேன், ஒடைச்சுட்டோம்னாங்க. அந்தக் கடையிலேயே தைக்கக் கூப்பிட்டாங்க, நாளையிலேருந்து போறேன். இந்தப் போர்டை நான் என்னக்கா செய்யிறது? உங்க மெஷினு சும்மா நிக்குமே. இங்கேருந்து அங்க அனுப்பணும்னா ஃபார்ம்ல என்னன்னு எழுதணும், கொஞ்சம் சொல்றீங்களா?"